பெயின்ட்டுக்கு அடியில: நான் 'ஃபேக்' என்று சொன்ன விமானம்

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் நீக்கியிருக்கிறோம். மற்றபடி பேசியது பேசியபடியே.

 இந்த வாரத்துக்கு வேற ஒரு டாபிக் ரெடியா வெச்சிருந்தேன், ஸ்கிரிப்ட் கூட எழுதியாச்சு. அதை ஓரமா தள்ளிட்டு இன்னைக்கு ஒரு திருத்தம் சொல்லப் போறேன். திருத்தம்னா ரெண்டு நிமிஷத்துல முடியணும். இது முடியாது, ஏன்னு போகப் போகத் தெரியும்.

கொஞ்ச நாள் முன்னாடி பொய்ப் படங்களைப் பத்தி ஒரு எபிசோட் போட்டேன், ஞாபகம் இருக்கா? ஏஐ வெச்சு செஞ்ச படங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. அதுல உதாரணமா ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினேன். ரெண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் குண்டுவீச்சு விமானம், ஹைன்கெல் 111. ஆனா அதோட உடம்புல ஜெர்மன் சிலுவை இல்லை. பிரிட்டிஷ் விமானப் படையோட வட்டம் இருக்கு. முன்னாடி மூணு பேர் சாதாரணமா நின்னு பேசிட்டிருக்காங்க. நான் என்ன சொன்னேன்? "எம்ஜிஆர் படத்துக்கு சிவாஜி போஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கு, யாரோ ப்ராம்ப்ட்டை மாத்தி அடிச்சுட்டாங்க"ன்னு சிரிச்சேன். நீங்களும் சிரிச்சிருப்பீங்க.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெயில் வந்துச்சு. பிளாஸ்டிக் விமான மாடல்கள் ஒட்டுற பழக்கம் உள்ள ஒரு பெரியவர். மூணே வரி. "தம்பி, அது பொய்ப் படம் இல்லை. அந்த விமானத்தோட பிரிட்டிஷ் எண் ஏடபிள்யூ 177. 1943 நவம்பர் 10 அன்னைக்கு என்ன நடந்ததுன்னு பாருங்க."

பார்த்தேன். பார்த்துட்டு அந்த எபிசோடை மறுபடி ஒரு தடவை கேட்டேன். என் சிரிப்பை என்னாலயே கேட்க முடியலை.

அந்தத் தேதிக்குக் கடைசியில வரேன். முதல்ல, ஒரு ஜெர்மன் விமானத்து மேல பிரிட்டிஷ் வட்டம் எப்படி வந்துச்சுங்கிற கதை.

1940 பிப்ரவரி 9. ஸ்காட்லாந்தோட கிழக்குக் கரையில நார்த் பெரிக்னு ஒரு ஊர். 602-வது ஸ்குவாட்ரனோட ஸ்பிட்ஃபயர் ஒண்ணு இந்த ஹைன்கெல்லைத் துரத்திச் சுட்டுச்சு. ஹைன்கெல் கடல்ல விழாம, ஊருக்குப் பக்கத்துல ஒரு வயல்ல இறங்குச்சு. ஓடி வந்து நிக்கிற நேரத்துல மூக்கு மண்ணுல குத்தி, வால் மேல தூக்கிக்கிச்சு. அந்த நிலையில எடுத்த படங்கள் இருக்கு. பார்த்தா ஏதோ மேயுற மாடு மாதிரி இருக்கும். பெரிய சேதம் இல்லை. பிரிட்டிஷ்காரங்க அதை எடுத்து, சரி பண்ணி, தங்களோட எண்ணை எழுதி, ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

வயல்ல நின்ன அந்தப் படத்துல சிலுவைக்கு ரெண்டு பக்கமும் எழுத்துகள் இருக்கு. இடது பக்கம் 1எச். வலது பக்கம் ஈஎன். சும்மா பார்த்தா வண்டி நம்பர் பிளேட் மாதிரி. ஆனா நம்ம ஊர் நம்பர் பிளேட்ல டிஎன் 09 பார்த்தா கே.கே. நகர் பக்கம்னு கண்டுபிடிக்கிறோம் இல்லையா, அதே கதைதான். முதல் ரெண்டு எழுத்து எந்தப் பெரிய படைன்னு சொல்லும். 1எச்னா கேஜி 26, குண்டுவீச்சுப் படை. மூணாவது எழுத்து, இங்க ஈ, அந்த ஒரு விமானத்துக்கானது. கடைசி எழுத்து அந்தப் பெரிய படைக்குள்ள எந்தச் சின்னக் குழு, அதாவது எந்த ஸ்டாஃபெல்னு சொல்லும். எச், கே, எல்னா 1, 2, 3. எம், என், பினா 4, 5, 6. ஆர், எஸ், டினா 7, 8, 9. அப்போ என்னா அஞ்சாவது ஸ்டாஃபெல். கேஜி 26 படையோட சின்னம் உட்கார்ந்திருக்கிற சிங்கம். விமானத்து மேல அந்தச் சிங்கத்தையும் வரைஞ்சிருப்பாங்க. எழுத்து மங்கிப் போனாலும் சிங்கம் தெரிஞ்சா போதும், ஆள் யாருன்னு பாதி தெரிஞ்சுடும்.

நடுவுல ஐ, ஓ, ஜே எல்லாம் ஏன் காணோம்னு நீங்க கேட்கலாம். கேப்ட்சா டைப் பண்ணும்போது ஓ-வா பூஜ்ஜியமான்னு முழிச்ச யாருக்கும் அதுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

சண்டை விமானங்களுக்கு வேற முறை. எழுத்துக்குப் பதிலா ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரு நிறம். பொதுவா முதல் ஸ்டாஃபெல்னா வெள்ளை, ரெண்டாவதுன்னா சிவப்பு, மூணாவதுன்னா மஞ்சள். அப்புறம் 4, 5, 6-க்கும் அதே வரிசை, 7, 8, 9-க்கும் அதே வரிசை. சிலுவைக்குப் பின்னாடி படுக்கைக் கோடு இருந்தா ரெண்டாவது க்ருப்ப. செங்குத்துக் கோடோ நெளிஞ்ச கோடோ இருந்தா மூணாவது. அதனாலதான் இந்த விஷயத்துல ஊறினவங்க "வெள்ளை 1", "மஞ்சள் 10"னு ஏதோ கேரம் காயைச் சொல்ற மாதிரி பேசுவாங்க.

ஆனா ஒரு சிக்கல். படம் கறுப்பு வெள்ளை. அதுல நிறத்தை எப்படிப் படிக்கிறது?

இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னு பேசப் போறேன், ஏன்னா எனக்கு மொத்தத்துலயும் பிடிச்ச பகுதி இதுதான். அந்தக் காலத்துல ரெண்டு வகை ஃபிலிம் புழக்கத்துல இருந்துச்சு. ஒண்ணு பான்குரோமேட்டிக். நம்ம கண்ணு பார்க்கிற எல்லா நிறத்துக்கும் அது ஓரளவு அசையும். மஞ்சள் வெளிறித் தெரியும், சிவப்பும் நீலமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலா வரும். இன்னொண்ணு ஆர்த்தோகுரோமேட்டிக். அதுக்கு நீலம்னா உயிர், சிவப்புன்னா குருடு. அந்த ஃபிலிம்ல நீலம் வெளிறிப் போகும், சிவப்பு கறுப்பா விழும், மஞ்சளும் நல்லா இருண்டு தெரியும்.

இப்போ பிரிட்டிஷ் வட்டத்தை எடுத்துக்குங்க. நடுவுல சிவப்புப் பொட்டு, அடுத்து வெள்ளை, அடுத்து நீலம், வெளியில மஞ்சள். பான்குரோமேட்டிக்ல வெளி வளையம் பளிச்னு இருக்கும். ஆர்த்தோல அதே வளையம் இருட்டா, உள்ள இருக்கிற நீலம் வெளிறி, வேற ஏதோ நாட்டுச் சின்னம் மாதிரி தெரியும். ஒரே விமானம், ஒரே பெயின்ட், ரெண்டு ஃபிலிம். பார்க்கிறவன் ரெண்டு விமானம்னு சத்தியம் பண்ணுவான்.

அதனால பழைய படத்தைக் கையில எடுத்தா எண்ணைப் படிக்கிறதுக்கு முன்னாடி, நமக்கு நிறம் நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு பொருளைத் தேடணும். வட்டத்தோட வெளி வளையம் மஞ்சள்னு தெரியும். அது எந்தச் சாம்பல்ல விழுந்திருக்குன்னு பார்த்தா ஃபிலிம் எதுன்னு தெரிஞ்சுடும். அப்புறம்தான் மத்தது. ஒரு ஏபிஐ என்ன யூனிட்ல பதில் தருதுன்னு தெரியாம அதை வெச்சுக் கணக்குப் போட்டா என்ன ஆகும்? அதே விபத்துதான்.

பழைய படங்களைக் கலர் பண்ணித் தர்ற ஆப்களும் இந்த இடத்துலதான் சறுக்கும். ஆர்த்தோ படத்தைக் கொடுத்தா, இருட்டா இருக்கிற மஞ்சளை அது தைரியமா கருநீலம்னு அடிச்சு விடலாம். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும், நாலு பேர் ஷேரும் பண்ணிடுவாங்க. அதுக்கு அப்புறம் அந்த நீலம் ஒரு "ஆதாரம்" ஆயிடும்.

இதுல நிபுணர்களுக்கே கஷ்டம் வர்ற இடம் சிவப்பும் கறுப்பும். ரெண்டாவது ஸ்டாஃபெல்லுக்குச் சிவப்புன்னு சொன்னேன் இல்லையா? சில படைகள் சிவப்புக்குப் பதிலா கறுப்பு அடிச்சாங்க. ஆர்த்தோ ஃபிலிம்ல ரெண்டும் ஒண்ணு. அப்போ "சிவப்பு 6"-ஆ "கறுப்பு 6"-ஆ? படத்தை மட்டும் முறைச்சுப் பார்த்தா பதில் வராது. படையோட பதிவு வேணும், இல்லைன்னா விமானமே வேணும்.

"கறுப்பு 6" சும்மா சொல்லலை, அப்படி ஒரு பிரபலமான விமானம் இருக்கு. மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஜி-2 ரகம். 1942 நவம்பர்ல லிபியாவுல கம்பூட்ங்கிற இடத்துல ஜெர்மன்காரங்க பின்வாங்கும்போது விட்டுட்டுப் போனது. பின்னாடியே வந்த ஆஸ்திரேலிய 3-வது ஸ்குவாட்ரன் கையில அது கிடைச்சுது. அவங்க உடனே தங்களோட ஸ்குவாட்ரன் எழுத்தான சிவி-யையும், கூட ஒரு வி-யையும் அடிச்சுட்டாங்க. அந்த வி அவங்க தலைவர் பாபி கிப்ஸோட சொந்த விமான எழுத்து. புது பைக் வாங்கினதும் டேங்க்ல பேர் எழுதுற சந்தோஷம்தான், வேற என்ன. அப்புறம் இங்கிலாந்துக்குப் போய் பிரிட்டிஷ் எண் வாங்குச்சு, ஆர்என் 228. போர் முடிஞ்சு பல வருஷம் கிடந்துச்சு. 1972-ல ரஸ் ஸ்னாடன்ங்கிறவர் தலைமையில ஒரு குழு அதைப் பிரிச்சுச் சரி பண்ண ஆரம்பிச்சாங்க. 1991 மார்ச் 17-ல திரும்பப் பறந்துச்சு. பத்தொன்பது வருஷம் மக்களே. நான் ரெண்டு ஸ்பிரின்ட் தள்ளிப் போனாலே மேனேஜர் கிட்ட முகம் கொடுக்க மாட்டேன்.

அந்த விமானத்துக்குப் படத்துல எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. கறுப்பு 6, சிவி-வி, ஆர்என் 228. மூணுமே பெயின்ட். எதுவும் அதோட உண்மையான அடையாளம் இல்லை. உண்மையான அடையாளம் வெர்க்நும்மர், ஃபேக்டரி கொடுத்த வரிசை எண். இந்த விமானத்துக்கு 10639. டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்குச் சொன்னா, இதுதான் ப்ரைமரி கீ. மத்ததெல்லாம் டிஸ்ப்ளே நேம், யார் வேணா மாத்தலாம்.

பெயின்ட் எவ்வளவு வேகமா மாறும்ங்கிறதுக்கு இன்னொரு 109-ஐச் சொல்றேன். இது ஈ-3 ரகம், வெர்க்நும்மர் 1304. 1939 நவம்பர் 22-ல எல்லை தாண்டி பிரான்ஸோட அல்சாஸ் பகுதியில வூர்த்ங்கிற ஊர்ல இறங்கிடுச்சு. அப்போ அது "வெள்ளை 1". பிரெஞ்சுக்காரங்க அதைப் பிடிச்சுப் பறக்க வெச்சுப் பார்த்தாங்க. 1940 மே மாசம் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. அடுத்த சில வாரத்துல பிரான்ஸே விழுந்துடுச்சு. இங்கிலாந்துல அது ஏஈ 479. 1942-ல கப்பல் ஏறி அமெரிக்கா போயிடுச்சு. மூணே வருஷத்துக்குள்ள நாலு நாட்டுக் கை. விவரம் இல்லாத ஒரு ஆல்பத்துல இந்தப் படங்களைப் போட்டா, நாலு விமானம்னு எண்ணிடுவோம்.

எண் தெரியாதப்போ வேற துப்புகளைப் பார்க்கணும். 109-ல ஈ ரகத்துக்கு இறக்கை நுனி வெட்டின மாதிரி சதுரமா இருக்கும், அடுத்து வந்த எஃப் ரகத்துல உருண்டை. வால்ல ஸ்வஸ்திகாவை அழிச்ச இடம் சுத்தியிருக்கிற பெயின்ட்டை விடப் புதுசாத் தெரியும். சிலுவைக்கு மேல வட்டம் அடிச்சிருந்தா, ரெண்டோட அளவும் ஒத்துப் போகாம ஓரத்துல ஒரு ஒட்டு தெரியும். பழைய வீட்டுல காலண்டர் கழட்டின இடம் மாதிரி. பின்னாடி தெரியிற ஹேங்கர், புல்தரை, மனுஷங்க போட்டிருக்கிற யூனிஃபார்ம், எல்லாமே பேசும்.

சரி, பிடிச்சவங்க ஏன் இவ்வளவு பெயின்ட் செலவு பண்ணினாங்க? அழகுக்கு இல்லை. ஜெர்மன் உருவத்துல ஒண்ணு இங்கிலாந்து வானத்துல போனா கீழ இருக்கிறவன் சுட்டுடுவான். அதனால அடிவயிறு பூரா மஞ்சள். சோதனை விமானங்களுக்கும் பிடிபட்ட விமானங்களுக்கும் பிரிட்டன்ல அதுதான் வழக்கம். கீழ இருந்து பார்த்ததும் "இது நம்ம ஆளு"ன்னு தெரியணும். அப்பவும் பயந்துகிட்டு கூட ஸ்பிட்ஃபயர் காவல் அனுப்புவாங்க.

காவலே இல்லாம, யாரும் கூப்பிடாம வந்த ஒருத்தர் கதையை இந்த எபிசோட்ல சொல்லாம விட்டா பாவம். 1942-ல பிரிட்டிஷ்காரங்களுக்குப் பெரிய தலைவலி ஃபோக்க-வுல்ஃப் 190. அவங்க ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் ரகத்தை அது போட்டு எடுத்துட்டு இருந்துச்சு. ஒண்ணாவது கையில கிடைக்கணும்னு, பிரான்ஸுக்குள்ள ஒரு கமாண்டோவையும் ஒரு டெஸ்ட் பைலட்டையும் அனுப்பித் திருடிட்டு வரலாம்னு ஒரு திட்டமே போட்டாங்க. அதுக்குப் பேரே 'ஆபரேஷன் ஏர்தீஃப்'. அந்த நேரத்துல, ஜூன் 23 சாயங்காலம், அர்மின் ஃபாபர்ங்கிற ஜெர்மன் விமானி சண்டையில திசை தப்பினார். தெற்கே போறதுக்குப் பதிலா வடக்கே பறந்து, கீழ தெரிஞ்ச பிரிஸ்டல் கால்வாயை இங்கிலீஷ் கால்வாய்னு நினைச்சு, தாண்டியாச்சு, நம்ம ஏரியா வந்தாச்சுன்னு சந்தோஷத்துல வானத்துல பல்டி எல்லாம் அடிச்சு, வேல்ஸ்ல இருக்கிற பெம்ப்ரே பிரிட்டிஷ் விமான தளத்துல அழகா இறக்கிட்டார். தளத்துல இருந்த ஆள் கையில இருந்தது வெளிச்சக் குண்டு சுடுற ஒரு பிஸ்டல்தான். அதை வெச்சே கைது பண்ணிட்டார்னு சொல்லுவாங்க. ஏர்தீஃப் திட்டத்தை மடிச்சு வெச்சுட்டாங்க.

அந்த விமானத்தோட 'முன்', 'பின்' படங்கள் ரெண்டும் கிடைக்குது, அதுதான் நமக்கு லாபம். முன் படத்துல மூக்குப் பக்கம் ஒரு சேவல் தலை. ஜேஜி 2 படையோட மூணாவது க்ருப்பவுக்கு அதுதான் சின்னம். சிலுவைக்குப் பின்னாடி செங்குத்துக் கோடு, அதுவும் மூணாவது க்ருப்பன்னு சொல்லுது. சிலுவைக்கு முன்னாடி எண்ணுக்குப் பதிலா அம்பு மாதிரி ஒரு குறி, அதாவது ஓட்டினவர் சாதாரண விமானி இல்லை, க்ருப்ப தலைமையகத்து அதிகாரி. ஃபாபர் அங்க அட்ஜுடன்ட். எல்லாம் கச்சிதமாப் பொருந்துது. பின் படத்துல இதுல எதுவுமே இல்லை. வட்டம், மஞ்சள் வயிறு, எம்பி 499-ங்கிற எண். முன் படம் கிடைக்காம இருந்திருந்தா, அந்த எம்பி 499 யார்னு சொல்ல வெர்க்நும்மர் 313-ங்கிற ஒரு மூணு இலக்க எண்தான் மிச்சம்.

அந்த விமானத்தை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிஞ்சுது: சுருக்கமான வட்டத்துல திரும்புறதைத் தவிர மத்த எல்லாத்துலயும் அது ஸ்பிட்ஃபயர் ஐந்தை முந்துது. "உங்க வண்டி ஸ்லோ"ன்னு பெஞ்ச்மார்க் ரிசல்ட் கையில கொடுத்த மாதிரி. வலிச்சாலும் வேணும்.

அமெரிக்காக்காரங்க பண்ணின குழப்பம் வேற ரகம். 1945-ல ஹரால்ட் வாட்சன் தலைமையில ஒரு குழு ஜெர்மனியில மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்களைச் சேகரிச்சுது. அவங்க குழுவுக்குப் பட்டப்பேர் 'வாட்சன்ஸ் விஸ்ஸர்ஸ்'. ஜெட்டைச் சரி பண்ணின மெக்கானிக்குகள் மூக்குல தங்களுக்குப் பிடிச்ச பேரை எழுதினாங்க, மனைவி பேர், காதலி பேர். அப்புறம் ஓட்டுறதுக்கு விமானிகள் வந்தாங்க. "என் வண்டியில உன் வீட்டுக்காரம்மா பேரா?"ன்னு அழிச்சுட்டு, வேற பேர் எழுதினாங்க. ஒரே சில வாரங்கள், ரெண்டு பேர். உதாரணத்துக்கு, 'வில்மா ஜீன்'னு ஒரு ஜெட் படம் இருக்கும், 'ஹேப்பி ஹன்டர் 2'ன்னு ஒரு ஜெட் படம் இருக்கும். ரெண்டும் ஒரே விமானம். இதுல தப்பு வராததுக்குக் காரணம் அதோட மூக்கு. 50 மில்லிமீட்டர் பீரங்கி ஒண்ணு அதுல கம்பம் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், பேர் மாறினாலும் மூக்கு மாறலை. அமெரிக்கா போற கப்பல் ஏற, பிரான்ஸோட ஷெர்பூர் துறைமுகத்துக்குப் பறந்து போற வழியில, ஜூன் 30-ல இன்ஜின் கோளாறாகி அது விழுந்துடுச்சு. விமானி பாராசூட்ல குதிச்சுத் தப்பிச்சார்.

இவ்வளவு நேரம் வெர்க்நும்மர்தான் ப்ரைமரி கீ, அதை மட்டும் நம்புங்கன்னு சொல்லிட்டு இருந்தேன் இல்லையா? நான் எபிசோடுக்குக் குறிப்பு எடுக்கும்போது அதுலயும் மண் விழுந்துச்சு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல ஒரு ஃபோக்க-வுல்ஃப் 190 இருக்கு, எஃப்-8 ரகம், எண் 931884. 1980-களோட தொடக்கத்துல அதைப் பிரிச்சுச் சரி பண்ணினாங்க. அடியில இருந்த பழைய பெயின்ட் அடுக்குகளை ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க. அப்போ தெரிஞ்சுது, அது எஃப்-8 ஆகவே பிறக்கலை. 1943 கடைசியில ஏ-7 ரகமாப் பிறந்து, வேற எண்ணோட பறந்து, அடிபட்டு, ஃபேக்டரிக்குப் போய், வேற ரகமா, வேற எண்ணோட வெளிய வந்திருக்கு. ஜெர்மனியில பழுதாகி வந்த உடம்பை வீணாக்காம மறுபடி புது எண் போட்டு அனுப்பிடுவாங்க. ப்ரைமரி கீ-யையே அப்டேட் பண்ணியிருக்காங்க. இதை எங்க டீம்ல யாராவது பண்ணினா கோட் ரிவ்யூல வெச்சு வறுத்து எடுத்துடுவோம்.

அதைக் கேட்டப்புறம் எனக்கு என்ன தோணுச்சுன்னா, எந்த ஒரு குறியும் தனியா நின்னு எதையும் நிரூபிக்கிறது இல்லை. எழுத்து ஒண்ணு சொல்லணும், சின்னம் அதுக்கு ஒத்துப் போகணும், இறக்கை நுனி ஒத்துப் போகணும், ஃபிலிம் ஒத்துப் போகணும், பின்னாடி நிக்கிற ஹேங்கர் ஒத்துப் போகணும். ஒண்ணு இடிச்சாலும் நிறுத்தி யோசிக்கணும். நான் அந்த எபிசோட்ல பண்ணினது இதுக்கு நேர் எதிர். ஒண்ணு இடிச்சுது, உடனே படமே பொய்னு முடிவு கட்டிட்டேன்.

அதனால அந்தப் படத்தையே திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை முறையா.

இறக்கையோட வடிவம், கண்ணாடி மூக்கு: ஹைன்கெல் 111, சந்தேகம் இல்லை. வட்டத்தோட வெளி வளையம் வெளிறித் தெரியுது. அப்போ பான்குரோமேட்டிக். வளையத்தைக் கொஞ்சம் உத்துப் பார்த்தேன். பிரிட்டிஷ் வட்டத்துல முதல்ல எல்லா வளையமும் ஒரே அகலமா இருக்கும். 1942 நடுவுலதான் வெள்ளையையும் மஞ்சளையும் மெலிசாக்கினாங்க, தூரத்துல இருந்து பளிச்னு தெரியக் கூடாதுன்னு. என் படத்துல ரெண்டும் மெலிசு. அதனால படம் 1942 நடுப்பகுதிக்கு முன்னாடி எடுத்தது இல்லை. வால் பக்கம் எண். பெரியவர் சொன்ன பிறகு பார்த்தா தெளிவாவே தெரியுது: ஏடபிள்யூ 177. நான் ஜூம் பண்ணவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஜூம் பண்ணியிருந்தா அந்த எபிசோடே வந்திருக்காது.

அந்த எண்ணுள்ள விமானம் 1426-ங்கிற ஒரு தனிக் குழுவுல இருந்துச்சு. 1941 நவம்பர்ல டக்ஸ்ஃபோர்ட்ல ஆரம்பிச்சது. பிடிபட்ட ஜெர்மன் விமானங்களை ஓட்டிக்கிட்டு ஒவ்வொரு தளமாப் போவாங்க. "நல்லாப் பார்த்துக்குங்கப்பா, சத்தத்தைக் கேட்டுக்குங்க, நாளைக்கு நிஜமா வரும்போது அடையாளம் தெரியணும்"னு காட்டுவாங்க. ஒரு மாதிரி ஊர் ஊராப் போற சர்க்கஸ். பட்டப்பேர் 'ராஃப்வாஃப', ரெண்டு நாட்டு விமானப் படைப் பேரையும் கலந்து வெச்சது. வேடிக்கையான பேர்தான், வேலை வேடிக்கை இல்லை. உதிரி பாகம் கிடையாது, பழகின விமானமும் கிடையாது, சொந்த நாட்டு பீரங்கிக்காரன் எப்போ தப்பாப் புரிஞ்சுக்குவானோன்னு தெரியாது.

1943 நவம்பர் 10. அவங்க போன இடம் போல்ப்ரூக், அமெரிக்க பாம்பர்கள் இருந்த தளம். ஹைன்கெல்ல விமானியோட, குழுவோட தரைப் பணியாளர்கள் பலர் பயணிகளா இருந்தாங்க. அடுத்த ஊருக்குப் போய் விமானங்களைப் பராமரிக்கணும் இல்லையா, அதுக்காக. கூடவே அந்தக் குழுவோட யுங்கர்ஸ் 88-ம் வந்துச்சு. ரெண்டும் ஒரே ஓடுபாதையில, எதிரெதிர் முனையில இருந்து இறங்க வந்துடுச்சு. மோதாம இருக்க ஹைன்கெல் விமானி வேகத்தைக் கூட்டிச் சட்டுனு திருப்பினார். விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்துச்சு. உள்ள இருந்த பதினொரு பேர்ல ஏழு பேர் இறந்துட்டாங்க. நாலு பேர் காயத்தோட தப்பிச்சாங்க.

எதிரி சுடலை. சொந்த நாட்டு பீரங்கியும் சுடலை. அந்த மஞ்சள் வயிறு அதோட வேலையைச் சரியாத்தான் பண்ணிட்டு இருந்துச்சு.

என் படம் 1942 நடுவுக்கும் அந்த நவம்பர் 10-க்கும் நடுவுல எடுத்தது, அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியும். அதுல நிக்கிற மூணு பேரும் மேலங்கி போட்டிருக்காங்க. ஒருத்தர் கையை இறக்கையில ஊன்றி நிக்கிறார், நம்ம ஆபீஸ்ல டீ பிரேக்ல பைக் மேல சாஞ்சு நிப்போமே, அந்த மாதிரி. இவங்கள்ல யாராவது அந்த ஏழு பேர்ல ஒருத்தரான்னு பெயின்ட் சொல்லாது. விமானத்துக்கு எண் எழுதுவாங்க, பக்கத்துல நிக்கிறவனுக்கு எழுத மாட்டாங்க.

பெரியவருக்குப் பதில் போட்டேன். மன்னிப்பு கேட்டேன், இந்த எபிசோட் பண்ணப் போறேன்னு சொன்னேன். ரெண்டு வரியில பதில் வந்துச்சு: "நல்லது தம்பி. பண்ணும்போது சிங்கத்தைச் சொல்ல மறந்துடாதீங்க, எல்லாரும் அதை விட்டுடுவாங்க." சொல்லிட்டேன் சார்.

பழைய எபிசோட் பக்கத்துல அந்தப் படத்தை எடுக்கலை, அங்கேயேதான் இருக்கு. கீழ இருந்த வரியை மட்டும் மாத்தியிருக்கேன். முன்னாடி "ஏஐ சொதப்பல்"னு இருந்துச்சு. இப்போ இப்படி இருக்கு: ஹைன்கெல் 111, முன்பு 1எச்+ஈஎன், பிடிபட்டது 1940 பிப்ரவரி 9, நார்த் பெரிக் அருகே. பிரிட்டிஷ் எண் ஏடபிள்யூ 177. 1426-வது குழு. விழுந்தது 1943 நவம்பர் 10, போல்ப்ரூக். ஏழு பேர்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.